பழைய எலெக்ட்ரானிக் அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பது: பெட்டியைத் திறப்பதிலிருந்து கேலிபிரேஷன் வரை

மின் அலைகளைத் திரையில் காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்போ (சுருக்கமாக ஸ்கோப்), சோதனைக்கு அலைகளை உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டரோ கைக்கு வந்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது, பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல வருடம் பரணில் கிடந்த கருவிக்குள் முழு மின்சாரமும் ஒரே நொடியில் பாய்ந்தால் சின்னப் பழுது பெரிய பழுதாகிவிடும். ஃபில்டர் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் டயோடு போகும், டயோடு போனால் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிக் கருகும். கெபாசிட்டர் எங்கும் கிடைக்கும். அந்த மாடலுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது.

1950-களிலிருந்து 1980-கள் வரை வந்த டெக்ட்ரானிக்ஸ், ஹெவ்லெட் பேக்கார்ட், ஃப்ளூக் கருவிகளை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. பழுது பார்ப்பார்கள் என்று தெரிந்தே அவற்றைச் செய்திருக்கிறார்கள். போர்டில் டெஸ்ட் பாயின்ட் இருக்கும், பாகங்களுக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்று மேனுவலில் இருக்கும். அதனால் ஊகிக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு, அவை கீழே வரும்.

முதலில் உங்கள் உயிர்

சி.ஆர்.டி. (பழைய டி.வி.யில் இருந்ததுபோன்ற படக்குழாய்) உள்ள ஸ்கோப்பில், எலெக்ட்ரான்கள் கிளம்பும் கேதோடு பக்கம் மைனஸ் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருப்பது சாதாரணம். வேகமான ஸ்கோப்புகளில் ஆனோடு பக்கம் 10 கிலோவோல்ட்டையும் தாண்டும். வால்வ் கருவிகளில் 300, 400 வோல்ட் ரயில்கள், அதாவது சர்க்யூட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சப்ளைத் தடங்கள், சேஸிஸ் (உலோகச் சட்டம்) முழுக்க ஓடும். எனக்கு அதிக பயம் இந்த இரண்டாவது வகையிடம்தான். அந்த 400 வோல்ட்டுக்குப் பின்னால் பெரிய கெபாசிட்டர்கள் நிற்கின்றன, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பவரை எடுத்த பிறகு ஃபில்டர் கெபாசிட்டர்களுக்குக் குறுக்கே அதைச் சில நொடி பிடித்து, மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். சிலர் ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வார்கள். அந்தப் பொறியில் கெபாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையால் அளந்து, மற்ற கையைச் சேஸிஸிலிருந்து விலக்கி வையுங்கள்.

எர்த் பின்னை வெட்டி ஸ்கோப்பை மிதக்கவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் நீங்கள் கிளிப்பை மாட்டும் இடத்து வோல்டேஜ் ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுக்க வந்துவிடும். ஸ்விட்ச் மோடு சப்ளையின் (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் வகை) பிரைமரி பக்கத்தை, அதாவது மெயின்ஸ் வரும் பக்கத்தை, அளக்க வேண்டுமென்றால், பழுதான கருவியை மெயின்ஸோடு நேரடித் தொடர்பு இல்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள். அளக்கும் ஸ்கோப் எர்த்தோடுதான் இருக்க வேண்டும்.

சில பொருட்கள் நச்சு. சில பவர் டிரான்சிஸ்டர்களிலும் ஹீட்சிங்க்குக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பீங்கான் வாஷர்களிலும் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், உடைக்கவோ அரத்தால் தேய்க்கவோ கூடாது. மிகப் பழைய ஆயில் கெபாசிட்டர் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். உலகப் போர்க் காலத்து மீட்டர்களில் இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்களும் இருந்தால் அது ரேடியம் பெயின்டாக இருக்கலாம், அந்த மீட்டரைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

சர்வீஸ் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்

பெரும்பாலோர் மேனுவலைத் திறந்ததும் நேராகச் சர்க்யூட் படத்துக்குப் போவார்கள். அதற்கு முன்னால் இருக்கும், சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் அத்தியாயத்தில்தான் பாதி விடை இருக்கிறது. எந்த ரயில் எதைச் சார்ந்திருக்கிறது, எந்த டிரான்சிஸ்டர் எதற்குக் காவல் என்பதெல்லாம் அங்கே நிதானமாக எழுதியிருக்கும்.

படத்தில் போட்டிருக்கும் வோல்டேஜ்களும் அலை வடிவங்களும் குறிப்பிட்ட நிலையில் எடுக்கப்பட்டவை. எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும், எந்த இன்புட் தர வேண்டும் என்று பக்க ஓரத்திலோ முந்தைய பக்கத்திலோ இருக்கும். அதைப் பார்க்காமல் அளந்துவிட்டு, இல்லாத பழுதைத் தேடி ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

கருவியின் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பல வருடம் தயாரிப்பில் இருந்தபோது நடுவில் சர்க்யூட் மாறியிருக்கும். ஹெவ்லெட் பேக்கார்ட் மேனுவல்களில் பழைய சீரியல் எண்களுக்கான மாற்றங்களைத் தனி அத்தியாயமாகவே போட்டிருப்பார்கள்.

பாகங்களின் மேல் இருப்பது சந்தையில் தெரிந்த எண்ணாக இல்லாமல் கம்பெனியின் சொந்த எண்ணாக இருந்தால் பயப்பட வேண்டாம். டெக்ட்ரானிக்ஸில் 151 என்று தொடங்கினால் டிரான்சிஸ்டர், 152 டயோடு, 156 பொதுவாகக் கிடைக்கும் ஐ.சி., 155 அவர்களே செய்த ஐ.சி. ஹெவ்லெட் பேக்கார்டில் 1853 என்றால் பி.என்.பி. டிரான்சிஸ்டர், 1854 என்றால் என்.பி.என். டிரான்சிஸ்டர், 1902 ஜீனர், 1820 டிஜிட்டல் ஐ.சி. பெரும்பாலானவற்றுக்கு மாற்று எண் பட்டியல் இணையத்தில் உண்டு. போனது 155 வகை என்றால் மட்டும், இன்னொரு பழுதான கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

கண்ணும் மூக்கும்

மூடியைக் கழற்றியதும் எதையும் தொடும் முன் படம் எடுங்கள். எல்லாக் கோணத்திலும், ஒவ்வொரு கனெக்டரும் தெரியும்படி. ஒரே மாதிரி இருக்கும் நான்கு கனெக்டர்களைக் கழற்றிய பிறகு ஞாபகத்தை நம்பி மாட்டுவது பெரிய தப்பு.

பிறகு ஃபியூஸ். அதன் மதிப்பு மேனுவலில் சொன்னபடி இருக்கிறதா? இரண்டு மடங்கு ஃபியூஸோ செம்புக் கம்பியோ இருந்தால் உங்களுக்கு முன் யாரோ போராடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எரிந்த ஃபியூஸும் பேசும். கண்ணாடி கறுத்தோ முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வெள்ளி பூசியோ இருந்தால் உள்ளே முழு ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் மெல்லிதாக அறுந்திருந்தால் மெதுவான ஓவர்லோடு, அல்லது வெறும் வயது. பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். 115-இல் நிற்கும் கருவியை 230-இல் சொருகினால் அதன் கதை அங்கேயே முடிந்தது.

பேட்டரி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் பச்சைப் பொருக்கு படியும். அது காரத்தன்மை உள்ளது, செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும். கொஞ்சம் வினிகரைத் தொட்டுத் துடைத்துக் காரத்தை அடக்கி, சுத்தமான தண்ணீரால் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

1980-களில் வந்த கருவி என்றால் இங்கே ஒரு முக்கியமான நிறுத்தம். டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஸ்கோப்பிலும் ஹெச்.பி. (ஹெவ்லெட் பேக்கார்ட்) 3458ஏ மல்டிமீட்டரிலும் கேலிபிரேஷன் எண்கள் (அளவுகளைத் துல்லியமாக்கும் திருத்த எண்கள்) எல்லாம், உள்ளேயே லித்தியம் பேட்டரி புதைத்த டல்லஸ் மெமரி ஐ.சி.க்குள் இருக்கின்றன. அந்தப் பேட்டரி செத்தால் எண்கள் போயின, கருவியை முழுதாக மறுபடி கேலிபிரேட் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட கருவி இன்னும் வேலை செய்கிறது என்றால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் அந்த மெமரியைப் படித்து ஃபைலாகச் சேமித்து வையுங்கள்.

சரி, கண்ணால் பார்க்க வேண்டிய மற்றவை: மெயின்ஸ் நுழையும் இடத்தில் தேன் நிற எபாக்ஸிக்குள் இருக்கும் ரிஃபா பேப்பர் கெபாசிட்டர்கள். மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் உள்ளே ஈரம் போய்விட்டது, ஒரு நாள் அது அறை முழுக்கப் புகை விடும். மெயின்ஸுக்குக் குறுக்கே போடத் தகுந்த, சரியான எக்ஸ் வகைக் கெபாசிட்டர் ஒன்றை வாங்கி மாற்றிவிடுங்கள். அளக்காமல் மாற்றலாம் என்று நான் சொல்லும் முதல் விதிவிலக்கு இதுதான். ரெசிஸ்டருக்குக் கீழே போர்டு பழுப்பேறியிருக்கிறதா, உடைந்த பிளாஸ்டிக் கியர் இருக்கிறதா, ஃபோம் உருகிப் பிசினாகி ஒழுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெதுவாக மின்சாரம் கொடுப்பது

பவர் இல்லாமலே மீட்டரால் ஒவ்வொரு ரயிலையும் எர்த்துக்கு அளந்து எழுதுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அந்த ரயிலில் ஷார்ட், பவர் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஐந்து வோல்ட் லாஜிக் ரயில் நல்ல நிலையிலும் குறைவான ஓம்ஸ்தான் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்தது சீரிஸ் பல்பு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கருவியோடு வரிசையாக இணைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். பளிச்சென்று ஒரு முறை எரிந்து மங்கினால் கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆயின, நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பின் இழை சூடாகும்போது அதன் மின்தடை கூடுவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க உதவும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் அதை வைத்து மணிக்கணக்கில் படிப்படியாக ஏற்றலாம். சும்மா கிடந்த எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும், குறைந்த வோல்டேஜில் மெதுவாக ஏற்றினால் அது மறுபடி வளரும். ஆனால் வால்வ் ரெக்டிஃபையர் உள்ள கருவியில் இது முழுதாக உதவாது. ஹீட்டர் சூடாகும் வரை அந்த வால்வ் கடத்தாது, கடத்தத் தொடங்கும்போது திடீரென்று பெரிய வோல்டேஜ் வந்து நிற்கும். அங்கே கெபாசிட்டரைக் கழற்றி, தனி டி.சி. சப்ளையில், 50 கிலோ ஓம் போன்ற ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் செய்து பார்ப்பது நல்லது. ரெசிஸ்டருக்குக் குறுக்கே விழும் வோல்டேஜ் நேரம் போகப் போகக் குறைய வேண்டும். குறையாமல் நின்றாலோ கெபாசிட்டர் சூடானாலோ அதை விட்டுவிடுங்கள்.

ஸ்விட்ச் மோடு சப்ளைக்குப் பல்பும் வேரியாக்கும் இரண்டுமே சரிப்படாது. வோல்டேஜ் குறைந்தால் அது அதிகக் கரண்ட் இழுக்கும், அல்லது தொடங்கி நின்று தொடங்கி நின்று துடிக்கும். மேனுவலில் சொன்ன டம்மி லோடை (கருவிக்குப் பதிலாகக் கரண்ட் இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டு, தனியாகக் கழற்றி வைத்து அளப்பதுதான் வழி.

பவர் சப்ளை: வேலையின் பாதி இங்கேதான்

ஸ்கோப்பில் கோடு இல்லை, ஜெனரேட்டரில் அலை இல்லை, கவுண்டர் எண் காட்டவில்லை என்று எந்தக் குறை சொன்னாலும் நான் முதலில் போவது பவர் சப்ளைக்குத்தான். ரயில்கள் சரியாக இல்லாதவரை மற்ற எந்த அளவும் பொய்.

எல்லா ரயிலுக்கும் தாயாக ஒரு ரயில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து அதை முதலில் அளக்க வேண்டும். 1972-இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் +110, +55, +15, +5, மைனஸ் 8 என்று ரயில்கள் உண்டு. +55-தான் மற்றவற்றுக்கு ஆதாரம். அது கீழே இறங்கியிருந்தால் மற்றவையும் சேர்ந்தே இறங்கும். பதினைந்து வோல்ட் ரயில் குறைகிறதே என்று அங்கே தோண்டுவதில் பயனில்லை.

ஒவ்வொரு ரயிலிலும் டி.சி.யோடு ரிப்பிளையும், அதாவது அதன் மேல் மிச்சமிருக்கும் சின்ன ஏற்ற இறக்கத்தையும், பாருங்கள். ரிப்பிளின் அலைவரிசை நிறையச் சொல்லும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலை ரெக்டிஃபையர் இருந்தால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ் வர வேண்டும், 60 என்றால் 120. அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸாகவே இருந்தால் ஒரு டயோடு திறந்திருக்கிறது (கடத்தவில்லை), அல்லது அதன் காலில் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத சால்டர்). 100 ஹெர்ட்ஸே வந்து உயரம் மட்டும் அதிகம் என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்திருக்கிறது, அல்லது லோடு மிதமிஞ்சி இழுக்கிறது.

இந்த இரண்டில் எது என்று பிரிக்க, வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் ரா வோல்டேஜைப் பாருங்கள். முன்னால் வழக்கமான அளவோ கொஞ்சம் கூடவோ இருந்து, பின்னால் மட்டும் குறைந்தால் ரெகுலேட்டர் பிடித்து நிறுத்துகிறது, அதாவது அதுவே கெட்டது அல்லது அதற்குப் பின்னால் ஷார்ட். முன்னாலேயே குறைவு என்றால் கெபாசிட்டர், டயோடு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போங்கள்.

ஷார்ட் என்றால் 1970-களின் கருவிகளில் பாதி நேரம் குற்றவாளி டாண்டலம் கெபாசிட்டர்தான். மிளகு அளவில் துளிபோல் தொங்கும், வெளியே பார்க்கப் புதிதுபோல் இருக்கும், உள்ளே முழு ஷார்ட். ஒரே ரயிலில் இருபது டாண்டலம் இருக்கும்போது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகக் கழற்றினால் போர்டு தாங்காது.

என்னிடம் வந்த ஒரு ஸ்கோப்பில் பதினைந்து வோல்ட் ரயில் எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கருவியின் பவரை எடுத்துவிட்டு, பெஞ்ச் சப்ளையை அரை வோல்ட்டுக்குக் கீழே வைத்து, கரண்ட்டை அரை ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி அந்த ரயிலில் கொடுத்தேன். அரை வோல்ட்டில் சிலிக்கான் எதுவும் விழிக்காது, அதனால் மற்ற பாகங்களுக்கு ஆபத்தில்லை. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சப்ளையின் எர்த்தில் மாட்டி, சிவப்பு முனையைத் தடத்தின் மேல் நகர்த்தினேன். நுழையும் இடத்தில் 41 மில்லிவோல்ட். கொஞ்சம் தள்ளி 33, பிறகு 26, 18. அங்கே தடம் இரண்டாகப் பிரிந்தது. இடது கிளையில் எவ்வளவு தூரம் போனாலும் 18-தான். கரண்ட் ஓடாத தடத்தில் வோல்டேஜ் விழாது, ஆகவே அந்தக் கிளை நிரபராதி. வலது கிளையில் 14, அப்புறம் 9, அதோடு இறங்குவது நின்றது. அந்த 9 மில்லிவோல்ட்டில் ஒரு டாண்டலம் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கியதும் ரயில் விடுபட்டது. தேடிய நேரம் பத்து நிமிடம்கூட இல்லை, கழற்றியது ஒரே ஒரு பாகம்.

புதிது போடும்போது வோல்டேஜ் மதிப்பைத் தாராளமாக எடுங்கள். பதினைந்து வோல்ட் ரயிலில் 20 வோல்ட் டாண்டலம் இருந்தால் 35 வோல்ட் போடுங்கள். துருவத்தை இரண்டு முறை பாருங்கள், ஏனென்றால் பழைய டாண்டலத்தில் கோடு பிளஸ் பக்கம், எலெக்ட்ரோலிட்டிக்கில் கோடு மைனஸ் பக்கம்.

செலினியம் ரெக்டிஃபையர், அதாவது தகடு தகடாக அடுக்கிய பழைய வகை, இருந்தால் சிலிக்கான் டயோடு போடலாம். ஆனால் சிலிக்கானில் விழும் வோல்டேஜ் குறைவு என்பதால் ரயில் ஏறிவிடும், தொடரில் ஒரு பவர் ரெசிஸ்டர் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். செலினியம் எரியும் நாற்றம் அழுகிய முட்டையையும் பூண்டையும் கலந்ததுபோல் இருக்கும். வந்தால் பவரை அணைத்து ஜன்னலைத் திறந்து வெளியே போய்விடுங்கள்.

எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றலாமா?

இது பற்றிச் சண்டையே நடக்கும். என் முடிவு: கூடாது. நூறு பாகத்தை ஒரே நாளில் மாற்றினால், இருந்த ஒரு பழுதோடு புதிதாக மூன்று சேரும். தலைகீழாகப் போட்ட ஒன்று, தடம் பெயர்ந்த ஒன்று, சரியாகப் பிடிக்காத சால்டர் ஒன்று. பிறகு எது பழையது, எது நீங்கள் செய்தது என்றே தெரியாது. அந்தக் காலத்து நல்ல கம்ப்யூட்டர் வகை எலெக்ட்ரோலிட்டிக் பல இன்றும் குறையில்லாமல் இருக்கின்றன. கெபாசிட்டரின் உள் மின்தடையைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மீட்டரால் போர்டிலேயே அளந்து பாருங்கள். அது காய்ந்ததைக் காட்டும், ஆனால் கசிவைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டியவை என்று என் பட்டியலில் மூன்றுதான். முன்னே சொன்ன ரிஃபா ஒன்று. 1980-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த சர்ஃபேஸ் மவுன்ட் எலெக்ட்ரோலிட்டிக் இரண்டாவது, ஏனென்றால் அது கசிந்து போர்டையே அரிக்கும், 2465பி-யின் கன்ட்ரோல் போர்டு இதற்குப் பேர்போனது. மூன்றாவது, வால்வ் கருவிகளில் மெழுகு பூசிய பேப்பர் கெபாசிட்டர். அது கசிந்தால் முந்தைய வால்வின் பிளேட் வோல்டேஜ் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு வந்துவிடும். கிரிட் பிளஸ் ஆனால் வால்வ் மிதமிஞ்சிக் கடத்தும். அதே கருவிகளில் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களையும் அளங்கள், வயதானால் அவை மேல் நோக்கி நகரும். 100 கிலோ ஓம் 140 காட்டுவது அபூர்வமில்லை.

சிக்னல் பாதையைப் பாதியாக வெட்டுவது

ரயில்கள் சரி, ஆனாலும் வேலை செய்யவில்லை. இப்போது பாதையின் நடுவில் அளங்கள். அங்கே சிக்னல் இருந்தால் பழுது பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக வெட்டுங்கள். பதினாறு கட்டம் உள்ள கருவியிலும் நான்கு அளவில் இடத்தைப் பிடித்துவிடலாம்.

ஸ்கோப்பில் கோடே தெரியவில்லை என்றால் வெளியே ஓடிய பீமைத் திரைக்குள் இழுத்துக் காட்டும் பீம் ஃபைண்டர் பட்டனை அழுத்துங்கள். ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தால் சி.ஆர்.டி.யும் உயர் வோல்டேஜும் உயிரோடு இருக்கின்றன, பீம் திரைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். செங்குத்து ஆம்ப்ளிஃபையர் இரட்டைப் பாதையாக, ஒன்றுக்கு ஒன்று எதிராக ஓடும். ஒரு பக்கம் கெட்டால் சமநிலை போய் பீம் மேலேயோ கீழேயோ ஓடிவிடும். அப்போது மேனுவலைப் பார்த்து, கடைசிக் கட்டத்து இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ்களை இன்சுலேட் செய்த சின்ன கிளிப்பால் ஒன்றோடொன்று இணையுங்கள். எர்த்துக்கு அல்ல, ஒன்றோடொன்று. கோடு திரையின் நடுவுக்கு வந்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் நல்லது. ஒரு கட்டம் முன்னால் போய் அதையே செய்யுங்கள். எந்த இடத்தில் இணைத்தபோது கோடு நடுவுக்கு வரவில்லையோ, அந்தக் கட்டத்துக்கும் அதற்கு முன் சோதித்த கட்டத்துக்கும் நடுவில்தான் பழுது. மீட்டர் இல்லாமலே டிரான்சிஸ்டர் ஜோடி வரை போய்விடலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

இடம் தெரிந்த பிறகு பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே பாருங்கள். நேராகக் கடத்தும் சிலிக்கானில் ஏறக்குறைய 0.6 வோல்ட் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு மேல் நேர் திசையில் காட்டினால் ஜங்ஷன் திறந்துவிட்டது. பழைய ஐரோப்பியக் கருவிகளில் ஏ.எஃப்.117 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருந்தால் அதைத் தனியாகச் சந்தேகியுங்கள். அதன் உலோக உறைக்குள் தகர மீசைகள் வளர்ந்து உறையோடு ஷார்ட் ஆகும்.

சூடானால் மட்டும் வரும் பழுதுக்கு முடி உலர்த்தியும் குளிர் ஸ்ப்ரேயும் வேண்டும். போர்டு முழுக்க அடிக்காமல், ஒரு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாக ஒவ்வொரு பாகமாகக் குளிரவையுங்கள்.

ஸ்விட்ச், சாக்கெட், சால்டர்

பழுது என்று வருவதில் கணிசமான பங்கு வெறும் லூஸ் காண்டாக்ட். சாக்கெட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர்களையும் ஐ.சி.க்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அழுத்துவதே பல நேரம் போதும். ஒரு நேரத்தில் ஒன்றுதான், திசையைக் குறித்துக்கொண்டு. வெள்ளி பூசிய கால்கள் கறுத்திருந்தால் மெதுவாகத் துடையுங்கள்.

அட்டெனுவேட்டர் ஸ்விட்சுகளில் (உள்ளே வரும் சிக்னலைக் குறைப்பவை) காண்டாக்ட் கிளீனரைக் கொட்ட வேண்டாம். அது இன்சுலேஷனில் ஊறி, உயர் மின்தடைப் பாதையில் கசிவு உண்டாக்கும். டெக்ட்ரானிக்ஸின் கேம் ஸ்விட்சுகளில் தங்கம் பூசிய மெல்லிய விரல்கள் இருக்கும். பஞ்சுக் குச்சி வைத்தால் நார் மாட்டி விரல் வளையும். கெட்டியான வெள்ளைத் தாளை மெல்லிய நாடாவாக வெட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, விரலுக்குக் கீழே நுழைத்து, குமிழைத் திருப்பிக் காண்டாக்டை மூடி, தாளை மெதுவாக வெளியே இழுங்கள். சாம்பல் நிறக் கோடு ஒன்று தாளில் தெரியும். கோடு வராமல் போகும் வரை இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும்.

பழைய 500 வரிசை டெக்ட்ரானிக்ஸ் வால்வ் ஸ்கோப்பில் பாகங்கள் வெள்ளைப் பீங்கான் பட்டைகளில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். சாதாரண சால்டர் அந்தப் பட்டையில் இருக்கும் வெள்ளிப் பூச்சைக் கரைத்துக்கொண்டே போகும். வெள்ளி கலந்த சால்டர்தான் போட வேண்டும். அதற்காகவே தொழிற்சாலையில் ஒரு சின்னச் சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். உங்கள் ஸ்கோப்பில் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேலிபிரேஷன் கடைசியில்

பழுது இருக்கும்போது எந்த டிரிம்மரையும் (அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகு) திருப்பாதீர்கள். அது பழுதை மறைக்கும், சரியான பிறகு கருவி இன்னும் தவறாகக் காட்டும். பழுது தீர்ந்து, மூடியோடு அரை மணி நேரம் சூடான பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு டிரிம்மரின் பழைய நிலையையும் மார்க்கரால் குறித்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

வரிசையும் முக்கியம். ஆதார ரயில் முதலில், பிறகு உயர் வோல்டேஜ், அதன் பிறகே செங்குத்து, டிரிகர், டைம்பேஸ் (கிடைமட்ட நேர அளவு). உயர் வோல்டேஜ் கூடினால் எலெக்ட்ரான்கள் வேகமாகப் பாயும், தகடுகள் அவற்றை வளைப்பது குறையும், திரையில் அலை சின்னதாகத் தெரியும். ஆகவே உயர் வோல்டேஜை நிறுத்தாமல் செங்குத்து அளவைச் சரிசெய்தால் அதை மறுபடி செய்ய வேண்டிவரும். ரயில்கள் மேனுவல் சொன்ன வரம்புக்குள்ளேயே இருந்தால் அவற்றைத் தொடாமல் விடுங்கள். ஒன்றைத் துல்லியமாக்கப் போய் மற்ற எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்தால் மூடியைப் போட்டுத் தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓடவிட்டு, ரயில்களை மறுபடி அளங்கள். பிறகு ஒரு சின்னத் தாளில் தேதி, மாற்றிய பாகத்தின் எண், அளந்த வோல்டேஜ்கள் எல்லாவற்றையும் எழுதி, சூடு படாத இடத்தில் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து இதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.